நோட்டின் வலது பக்கம்

நாகலூர்,
2-12-1991

அன்பு மகள் இன்பமேரிக்கு,

அப்பா எழுதுவது. ஆண்டவர் புண்ணியத்தில் இங்கே மழையைத் தவிர எல்லாம் ஒழுங்காகத்தான் இருக்கிறது. காப்பிப் பழம் பறிக்கிற நேரத்தில் இப்படிக் கொட்டினால் களத்தில் எதைக் காயப்போடுவது? போகட்டும், உனக்குக் கான்பூர் குளிரே போதும்.

நீ கேட்ட நோட்டை ரிஜிஸ்டர் தபாலில் தனியாக அனுப்பியிருக்கிறேன். இங்கிலீஷைத் தமிழாக்கக் கம்ப்யூட்டரைப் பழக்குகிறீர்கள், அதற்கு ஒரே வாக்கியம் இரண்டு மொழியிலும் வேண்டும் என்று எழுதியிருந்தாய். இருபத்திரண்டு வருஷமாக மானேஜர்கள் இங்கிலீஷில் எழுதிக் கொடுத்த உத்தரவுகள் இடது பக்கம். எஸ்டேட் ரைட்டராக நான் அதை ஆட்களுக்குத் தமிழில் சொன்னது வலது பக்கம். முந்நூற்றுப் பன்னிரண்டு உத்தரவுகள். எழுதி எழுதிக் கை கடுத்துப்போயிற்று.

எழுதும்போதுதான் எனக்கே உறைத்தது. இரண்டு பக்கமும் பல இடத்தில் ஒத்துப்போகவில்லை. பச்சைக்காயைக் கலந்து பறிப்பவர்கள் அன்றே நீக்கப்படுவார்கள் என்பது உத்தரவு. “ஏனுங்க, பழமாப் பாத்துப் பறிங்க, இல்லீன்னா எனக்குத்தானுங்க திட்டு விழுகும்” என்பது நான் சொன்னது. அக்கா மகள் கல்யாணத்துக்கு வேடியப்பன் கேட்ட லீவு கிடையாது என்று ஒரு மானேஜர் எழுதினார். பதில் இன்னும் வரவில்லை, நீ போய்விட்டு வா என்று நான் சொல்லியிருக்கிறேன். அதற்கு நான் வாங்கிக் கட்டிக்கொண்டது தனிக்கதை. இப்படிப்பட்டதற்கெல்லாம் சிவப்பு மையில் புள்ளி வைத்திருக்கிறேன். அவற்றை மெஷினுக்குக் கொடுத்துவிடாதே, அதுவும் என்னைப் போலக் கெட்டுப்போகும்.

அம்மாவுக்கு இரண்டு கண்ணிலும் புரை முற்றிவிட்டது. உன் கடிதங்களை இப்போது நான்தான் படித்துக் காட்டுகிறேன். ஜனவரி மூன்றாம் தேதி ஆபரேஷன் வைத்துக்கொள்ளலாம் என்கிறார் சேலத்து டாக்டர். “புள்ள பக்கத்துல இல்லாம நான் கண்ணுல கத்தி வைக்க உடமாட்டேனுங்க” என்று இரண்டு மாதமாக ஒரே பிடிவாதம். அந்த நேரம் பார்த்துத்தான் உன் கடிதம் வந்தது. ஆராய்ச்சிக் கட்டுரையை முடிக்க வேண்டும், கிறிஸ்துமஸுக்கு வர முடியாது என்று.

எனக்கு உன் மேல் கோபம் இல்லை. பொய், கொஞ்சம் இருந்தது. ஆனால் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு அதை என்னால் படிக்க முடியவில்லை, கண்ணு. கிறிஸ்துமஸுக்கு வருகிறேன், ஆபரேஷனுக்கு அம்மா கூடவே இருப்பேன் என்று நீ எழுதியிருப்பதாகப் படித்துவிட்டேன். இன்னொரு தடவை படிக்கச் சொன்னாள். இரண்டாம் தடவை வேறு மாதிரி வாயில் வந்தது. கேட்டுவிட்டுக் கடிதத்தை வாங்கித் தடவிப் பார்த்துத் திருப்பிக் கொடுத்தாள். மறுநாள் காலையில் ஆபரேஷனுக்குச் சரி என்றாள். நேற்று அரைநாள் வெயில் வந்ததும் உன் மெத்தையை வெளியே எடுத்துப் போட்டுவிட்டாள்.

நோட்டின் கடைசிப் பக்கத்தைப் பார். இடது பக்கம் நீ எழுதியது, வலது பக்கம் நான் படித்தது. அதற்கு மட்டும் சிவப்புப் புள்ளி வைக்க எனக்கு மனசு வரவில்லை, சாமி. கட்டுரை முக்கியம் என்று அப்பாவுக்குத் தெரியும். பதினைந்து நாள் போதும்.

மாதா துணையிருந்து உன்னை நல்லபடியாகக் கொண்டுவந்து சேர்க்கட்டும். சேலத்துக்கு எந்த ரயிலில் வருகிறாய் என்று ஒரு கார்டு போடு. அதை ஒரு எழுத்தும் மாற்றாமல் படித்துக் காட்டுகிறேன்.

உன் அப்பா,
சூசைமாணிக்கம்