நவம்பர் வரைக்கும் ஒரு நோய்

ராஜபாளையம்
செவ்வாய்க்கிழமை

அன்பு மகள் ஜாஸ்மினுக்கு அம்மா எழுதுவது. கர்த்தருடைய கிருபையால் இங்கே நானும் அப்பாவும் சுகம். அங்கே நீயும் மாப்பிள்ளையும் ஷெரினும் ஜெபினும் அந்தக் குளிரில் சுகமாக இருக்க வேண்டும் என்பதே காலையில் எழுந்ததும் என் முதல் விண்ணப்பம். சுகம் என்று எழுதும்போது இந்தத் தடவை பேனா நின்றுவிட்டது. எத்தனையோ கடிதங்களில் யோசிக்காமல் எழுதிய சொல். இன்று யோசித்துத்தான் எழுதுகிறேன். அப்பா சுகம். காய்ச்சல் இல்லை. நெஞ்சுவலி இல்லை. ஆஸ்பத்திரியில் இல்லை. உனக்கு இது தெரியும். ஆனாலும் எழுத வேண்டியிருக்கிறது. இந்தத் தெருவில் இப்போது அதை நம்புகிறவர்கள் நாங்கள் இரண்டு பேர் மட்டும்தான்.

போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் போனை எடுப்பது எப்போதும் ஜெபின். நீ எடுத்தாலும் உன் தோளுக்கு மேலே அவன் முகம் தெரிகிறது. வாய்ஸ் மெசேஜ் அனுப்பினால் காரில் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி போடுகிறாய். அவனுக்குத் தமிழ் கேட்டால் புரியும், வாசிக்க வராது. அதனால்தான் தாளில் எழுதிப் போட்டோ பிடித்து அனுப்புகிறேன். எழுத்து பொடியாக இருந்தால் விரலால் விரித்துப் பார். தனியாக இருக்கும்போது படி.

நவம்பரில் வருகிறோம் என்று நீ சொன்ன அன்று எனக்குக் கை ஓடவில்லை. ஜெபின் நடை பழகும் முன்னால் பார்த்தது. இப்போது எட்டு வயது. மாடி அறைக்கு வெள்ளையடிக்க ஆள் சொன்னேன். அங்கே பள்ளி லீவு விட்டால் டிக்கெட் விலை ஏறிவிடுகிறது, நவம்பரில் பாதிதான், மூணாறிலும் அப்போது ரூம் சல்லிசு என்றாய். நியாயம்தான். நான்கு பேர் கடல் தாண்டி வருவது லேசா. ஆனால் நவம்பரில் பள்ளிக்கூடம் உண்டு. சுற்றிப் பார்க்கப் போகிறோம் என்று கேட்டால் லீவு தர மாட்டார்கள், சொல்லாமல் போனால் அபராதம், வீட்டுப் பெரியவர்களுக்கு உடம்பு மோசம் என்றால் மட்டும் யோசிப்பார்கள் என்றாய். நீ சொன்னது அப்படியே காதில் இருக்கிறது. "நெசத்தச் சொன்னா ஃபைன் போடுவாங்கம்மா, பொய் சொன்னா ஆறுதல் சொல்லி அனுப்பி வைப்பாங்க." நான் சிரித்துவிட்டேன். அப்பாவும் சிரித்தார்கள். என்ன நோயின்னு பாத்து வைக்கச் சொல்லு, வெளிய சொல்லக் கூச்சப்படுற நோயி வேண்டாம் என்றார்கள். ஒரு சொல்தானே என்று நினைத்தோம். எங்கேயோ இங்கிலாந்தில், லீட்ஸில் ஒரு பள்ளிக்கூடத்தில் சொல்கிற சொல் இங்கே வந்து என்ன செய்துவிடும்.

பிறகு டாக்டர் சர்டிபிகேட் ஒன்று கேட்டாய். ராஜபாளையத்து டாக்டர்கள் பாதிப் பேருக்கு அப்பாவைத் தெரியும். சர்ஜிகல் காட்டன் கம்பெனியில் சூப்பர்வைசராக இருந்த காலமெல்லாம் அவர்களுக்குப் பஞ்சும் பேண்டேஜும் அனுப்பியவர்கள் அல்லவா. அதனால் ஸ்ரீவில்லிபுத்தூருக்கு பஸ் ஏறினோம். டோக்கன் வாங்கி உட்கார்ந்தோம். பக்கத்தில் கூமாப்பட்டிக்காரர் ஒருவர். மூச்சு வாங்குகிறது, மகன் தோளில் சாய்ந்திருக்கிறார். உங்களுக்கு என்ன செய்யுது என்று அந்த மகன் உன் அப்பாவைக் கேட்டான். அப்பா எங்கள் டோக்கனை அவனிடம் கொடுத்துவிட்டு எழுந்து வெளியே நடந்துவிட்டார்கள். பஸ் ஸ்டாண்டில் பால்கோவா வாங்கி, தனக்குச் சர்க்கரை என்பதையும் மறந்து நின்றபடியே தின்றார்கள். இதத் திங்கிறவனுக்கு டாக்டர் என்னன்னு எழுதுவாரு என்றார்கள். சர்டிபிகேட் கிடைக்கவில்லை என்று உன்னிடம் சொன்னேன். இதுதான் கிடைக்காத கதை.

அதோடு போயிருந்தால் இந்தக் கடிதம் இல்லை. நீ ஜெபினிடமும் தாத்தாவுக்கு உடம்பு மோசம் என்றே சொல்லி வைத்திருக்கிறாய். டீச்சர் கேட்டால் உளறிவிடுவான் என்று பயந்திருப்பாய். அவன் அதை வகுப்பில் இன்னொரு தமிழ்ப் பையனிடம் சொல்லியிருக்கிறான். அந்தப் பையனின் அம்மாவுக்குச் சிவகாசி. அவள் நல்ல மனதோடு ஜெபக் குறிப்பு என்று போட்டு வாட்ஸ்அப்பில் தெரிந்தவர்களுக்கெல்லாம் அனுப்பியிருக்கிறாள். அது நம் சபையின் பெண்கள் ஐக்கிய சங்கம் வரை வந்துவிட்டது. எங்களுக்கு மட்டும் வரவில்லை. சுகமில்லாதவர் வீட்டுக்கே அந்தச் செய்தியை யார் அனுப்புவார்கள். போன வாரத்துக்கு முந்தின ஞாயிறு ஆராதனையில் வியாதியஸ்தருக்கான ஜெபம் வந்தது. போதகர் ஐயா பேர் வாசித்தார். கடைசியாக, கடும் சுகவீனமாயிருக்கும் நம் சகோதரர் ஞானதுரை. அப்பா மூன்றாவது வரிசையில் ஞானப்பாட்டுப் புத்தகத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். பெண்கள் பக்கத்திலிருந்து பார்க்கிறேன். தலைகள் ஒவ்வொன்றாகத் திரும்புகின்றன. அப்பா கண்ணை மூடிக்கொண்டார்கள். ஜெபத்துக்காக மூடிக்கொண்டார்கள் என்று எல்லோரும் நினைத்திருப்பார்கள்.

ஆராதனை முடிந்ததும் போதகர் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு என்ன செய்கிறது அண்ணாச்சி என்று கேட்டார்.  இல்லை என்று சொன்னால் மகள் பொய்க்காரி ஆகிவிடுவாள். கடைசியில், உள்ளுக்குள்ள இருக்கு ஐயா என்றார்கள். அது போதும். ஒருவர் இருதயம் என்றார், ஒருவர் கிட்னி என்றார். அன்று சாயங்காலமே ஹார்லிக்ஸ், சாத்துக்குடி, ஆப்பிள். வருகிறவர்கள் செருப்பைச் சத்தமில்லாமல் கழற்றுகிறார்கள். அப்பா ஊஞ்சலில் உட்கார்ந்து ஆடிக்கொண்டிருந்தவர்கள், கேட் சத்தம் கேட்டால் போய்ப் படுத்துக்கொள்கிறார்கள். பக்கத்து வீட்டுச் செல்லத்தாய்க்கு மட்டும் சந்தேகம். என்னக்கா, ஒங்க வீட்டு நோயாளி காலைல ஆட்டுக்கறி வாங்கிட்டு வாராரு, எங்க வீட்டுல நோயில்லாத ஆளு கட்டிலை விட்டு எந்திரிக்க மாட்டேங்காரு, மாத்திக்கிடுவமா என்கிறாள். சிரித்துச் சமாளித்தேன். அதற்குப் பிறகு கறி வாங்கவும் நான்தான் போகிறேன்.

ஜாஸ்மின், எனக்குப் பயமாக இருக்கிறது. அப்பா காலை நடையை நிறுத்திவிட்டார்கள். அந்த ரோட்டில் சபைக்காரர்கள் நடக்கிறார்கள். கடும் சுகவீனக்காரர் கையை வீசி நடப்பதைப் பார்த்தால் என்ன நினைப்பார்கள். வண்டி எடுப்பதில்லை. நாள் முழுக்க உட்கார்ந்திருந்து கால் லேசாக நீர் கோத்த மாதிரி இருக்கிறது. சர்க்கரைக்காரருக்கு நடைதான் மருந்து என்று உனக்குத் தெரியும். சில நேரம் தன் மணிக்கட்டைத் தானே பிடித்துப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். என்ன என்றால் சும்மா என்கிறார்கள். இல்லாத நோய்க்கு ஒரு மனிதர் இப்படி ஒடுங்குவாரா. வேறொரு பயமும் இருக்கிறது. தாலுகா ஆபீஸில் இருந்தவள் நான். ஒரு காகிதத்தில் பொய் எழுதினால் அது இன்னொரு காகிதம் கேட்கும். நீங்கள் அங்கே நிரந்தரமாகத் தங்க மனுப் போட்டிருக்கிற நேரம். பள்ளிக்கூடத்தில் சொன்னதை அந்த மனுவைப் பார்க்கிறவர்கள் தூக்கிப் பார்ப்பார்களோ மாட்டார்களோ எனக்குத் தெரியாது. தெரியாததனால்தான் பயம்.

இதையெல்லாம்கூட எழுதாமல் விட்டிருப்பேன். நீங்கள் வந்துவிட்டால் சரியாகிவிடும், வந்து போன பிறகு ஆண்டவர் சுகம் தந்தார் என்று சபையில் சாட்சி சொல்லி முடித்துவிடலாம் என்றுகூட ஒரு யோசனை ஓடியது. ஆண்டவர் மன்னிக்கட்டும். ஆனால் முந்தாநாள் ஞாயிறு நடந்தது உனக்குத் தெரியாது. வழக்கம்போல வீடியோவில் பேசி முடித்ததும் பிள்ளைகளை ஜெபம் பண்ணச் சொல்லிவிட்டு நீ சமையலறைக்குப் போய்விட்டாய். குக்கர் சத்தம் கேட்டது. ஷெரின் வழக்கமாக, தாத்தா எப்படி இருக்கீங்க என்றுதான் ஆரம்பிப்பாள். இப்போது அதைக் கேட்பதே இல்லை. பெரியவள், அவளுக்கு விஷயம் தெரியும் போல. எழுந்து போய்விட்டாள். ஜெபின் மட்டும் கை கூப்பினான். அவன் தமிழில் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "ஜீசஸ், தாத்தாவ ஹீல் பண்ணுங்க. ஆனா இப்ப வேணாம். நாங்க வந்தப்புறம் ஹீல் பண்ணுங்க. இப்ப ஹீல் பண்ணினா ஸ்கூல்ல விட மாட்டாங்க. ஆமென்."

நானும் அப்பாவும் ஆமென் சொல்லவில்லை.  அவன் கண்ணைத் திறந்து எங்களைப் பார்த்தான். நெட்வொர்க் நின்றுவிட்டது என்று நினைத்தான். அம்மாச்சி, கேக்குதா என்றான். கேக்குதுய்யா என்றேன். அப்ப ஆமென் சொல்லுங்க தாத்தா என்றான். போனுக்குப் பக்கத்தில் முகத்தைக் கொண்டுவந்து காத்துக்கொண்டிருந்தான்.

அப்பா ஆமென் சொன்னார்கள்.

போனை வைத்த பிறகு நான் சண்டை போட்டேன். தன் நோய்க்குத் தானே ஆமென் சொல்கிற ஆள் உண்டா என்றேன். அவர்கள் சத்தமே போடவில்லை. "என்ன செய்யச் சொல்ற கிருபா, பிள்ள கேட்டுட்டான்லா" என்றார்கள். பிறகு உட்கார்ந்து செய்தித்தாளைப் பிரித்தார்கள். பக்கம் திருப்பவில்லை. இப்படிப்பட்ட ஜெபத்தை ஆண்டவர் கேட்க மாட்டார் என்று என் புத்திக்குத் தெரியும். ஆனால் சின்னப் பிள்ளைகளின் ஜெபம் தவறாமல் கேட்கப்படும் என்று உனக்குச் சொல்லிக் கொடுத்தவளும் நான், அவனுக்குச் சொல்லிக் கொடுத்தவள் நீ. அதைவிட வேறொன்று என்னை அரிக்கிறது. அவன் எங்கள் மேல் பிரியம் இல்லாமல் அப்படிக் கேட்கவில்லை. பிரியத்தில்தான் கேட்டான். தாத்தா நன்றாக இருந்தால் தாத்தாவைப் பார்க்க முடியாது என்று அந்தப் பிள்ளைக்குப் புரிந்திருக்கிறது. அதில் அவன் தப்பு எதுவும் இல்லை. நாம் சொன்னதைச் சரியாகக் கூட்டிப் பார்த்திருக்கிறான்.

உன்மேல் கோபமில்லை. நீயும் மாப்பிள்ளையும் ஷிப்ட் மாற்றி ஷிப்ட் ஓடுவது எனக்குத் தெரியும். நாலு நாள் எங்களோடு இருந்துவிட்டு மலைக்குப் போய்ப் பிள்ளைகளோடு இருக்க ஆசைப்பட்டது குற்றமா. எனக்கு நீங்கள் வர வேண்டும். அதை எழுதாமல் விட்டால் அதுவும் பொய். மாடியில் மெத்தையை வெயிலில் போட்டு எடுத்துவிட்டேன். ஜெபினுக்கு மொச்சை பிடிக்குமோ பிடிக்காதோ என்று யோசித்துக்கொண்டே சமைக்கிறேன். ஆனாலும் கேட்கிறேன். பள்ளிக்கூடத்துக்கு உள்ளதை எழுதிவிடு. தாத்தா சுகம், பார்க்க ஆசை, லீவு நேரத்தில் வரக் கட்டுப்படியாகாது என்று எழுது. அபராதம் போட்டால் கட்டலாமா, பயணத்தைத் தள்ளலாமா என்று நீங்கள் இரண்டு பேரும் உட்கார்ந்து முடிவு பண்ணுங்கள். நான் ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன். நீங்கள் வராத நவம்பரை நான் தாங்கிக்கொள்வேன். அந்தப் பிள்ளை தினமும் படுக்கப் போகும்போது இங்கே ஒருவர் சுகமாகிவிடக் கூடாதே என்று பயந்துகொண்டு படுப்பதைத் தாங்க முடியாது.

பள்ளிக்கு எழுதுவது அப்புறம் இருக்கட்டும். முதலில் ஜெபினிடம் சொல். சுருக்கமாகச் சொல். தாத்தாவுக்கு ஒன்றும் இல்லை, அம்மா சொன்னது நிஜம் இல்லை, தாத்தா நன்றாக இருந்தாலும் நாம் அவர்களைப் பார்க்கப் போவோம், அது எப்போது என்றுதான் தெரியவில்லை. இவ்வளவுதான். அவன் அழுதால் அழட்டும். பக்கத்தில் இரு.

இதுவரை எழுதியதை அப்பாவிடம் வாசித்துக் காட்டினேன்.  பிறகு நடக்கிற செருப்பை எங்கே வைத்தாய் என்று கேட்டார்கள். நாளைக் காலை நடக்கப் போகிறார்களாம். அதே ரோட்டில். எதிரே போதகர் ஐயா வந்தால் நின்று விவரம் சொல்லிக்கொள்வார்களாம். செல்லத்தாய் பார்த்தால் பார்க்கட்டுமாம். கையை வீசி நடக்கிற மாதிரி போட்டோ ஒன்று எடுத்து ஜெபினுக்கு அனுப்பச் சொல்லியிருக்கிறார்கள். நீ நினைவில் வைக்க வேண்டியது இது ஒன்றுதான். நாங்கள் நடந்து முடிக்கும்போது உனக்கு அங்கே விடிந்திருக்காது. அவன் எழுந்ததும் முதலில் உன் போனைத்தான் எடுப்பான். போட்டோவைப் பார்ப்பதற்கு முன்னால் அவனுக்கு விஷயம் தெரிந்திருக்க வேண்டும். இன்றைக்கே சொல்லிவிடு.

மாப்பிள்ளைக்கும் ஷெரினுக்கும் எங்கள் அன்பு. ஷெரினிடம், தாத்தாவை மறுபடி எப்படி இருக்கீங்க என்று கேட்கலாம், இனிப் பதில் கஷ்டமாக இருக்காது என்று சொல். காதுக்குத் துணி கட்டாமல் வெளியே போகாதே. உங்கள் போக்கையும் வரத்தையும் கர்த்தர் காப்பாராக. எப்போது வந்தாலும் கதவு திறந்திருக்கும், கட்டில் காலியாக இருக்கும்.

உன் சுகத்துக்கும், உன் அப்பாவின் சுகத்துக்கும் ஜெபிக்கும்
அம்மா
கிருபாபாய் ஞானதுரை