வலது கண் நின்ற இடம்

மாளிகாவத்தை,
கொழும்பு 10.
9 ஓகஸ்ட் 2025

அன்புள்ள யதுஷாவுக்கு,

இந்தக் கடிதத்தில் எதையும் கூட்டாமல், எதையும் ஒளிக்காமல், நடந்ததை நடந்தபடியே எழுதப்போகிறேன். படித்து முடித்த பிறகு நீ கிழித்துப் போட்டாலும் பரவாயில்லை. பாதியில் மட்டும் கிழித்துவிடாதே.

நீ என் நம்பரை புளொக் செய்துவிட்டாய். செய்யாமல் இருந்திருந்தாலும் பயனில்லை. வாப்பா என் போனை வாங்கி அலுமாரியில் வைத்துப் பூட்டிவிட்டார். அதனால்தான் கடிதம். இது என் வாழ்க்கையில் நான் எழுதும் முதல் கடிதம். உறை வாங்கப் போனபோது, முத்திரையை எந்த மூலையில் ஒட்டுவது என்று தபாற்கந்தோரில் இருந்த அன்ரியிடம் கேட்டேன். அவர் சிரித்துவிட்டுத் தானே ஒட்டித் தந்தார்.

உனக்குத் தெரிந்த கதையையும் முதலில் இருந்தே எழுதுகிறேன். ஒழுங்காக எழுதினால்தான் எனக்கு யோசனை வரும்.

எங்கள் விஞ்ஞான ரீச்சர் யோசெப்பின், பாடத்துக்காக வாட்ஸ்அப்பில் ‘கண்ணும் கருத்தும்’ என்று ஒரு குழு தொடங்கினார். நம் கண்கள் ஒருபோதும் சும்மா இருப்பதில்லை, படிக்கும்போது சொல்லுக்குச் சொல் பாய்கின்றன, பாயும் கணத்தில் நாம் ஏறக்குறைய ஒன்றையும் பார்ப்பதில்லை என்று சொன்னார். கண்ணாடியில் நம் கண் அசைவதை நாமே காண முடியாது என்றதும் வகுப்பு முழுவதும் கண்ணாடியைத் தேடி ஓடியது. ரீச்சர் சொன்னது உண்மைதான். பிறகு, அன்றாட வேலை செய்யும் ஒருவரின் கண்ணை மட்டும் ஸ்லோ மோஷனில் படம் பிடித்துக் குழுவில் போடுங்கள், கண்டதை எழுதுங்கள் என்றார்.

அஷ்பாக், அவன் உம்மா வெங்காயம் வெட்டுவதை எடுத்தான். கத்திக்கு முன்னால் கண் போய்க் காத்திருந்தது. பர்ஹா, நான் குர்ஆன் ஓதுவதையும் தமிழ்ப் புத்தகம் வாசிப்பதையும் எடுத்தாள். என் கண்கள் முதலில் வலமிருந்து இடமாகவும், பிறகு இடமிருந்து வலமாகவும் பாய்ந்தன. நான் உன்னை வெள்ளவத்தை ஸ்ரேசனில் கடலைப் பார்த்தபடி நிற்கவைத்து, ரெயில் போகும்போது எடுத்தேன்.

எல்லோருடைய வீடியோவிலும் இரண்டு கண்களும் கைகோத்த பிள்ளைகள் மாதிரி ஒன்றாகப் போய் ஒன்றாகத் திரும்பின. உன்னுடையதில் கோட்டைப் பக்கம், அதாவது உன் வலப்பக்கம், ரெயில் போனபோது, இடது கண் பெட்டியைத் துரத்திக்கொண்டு மூக்குவரை வந்தது. வலது கண் பாதியில் நின்றுவிட்டது. திரும்பத் திரும்பப் பார்த்தேன். ஒவ்வொரு பெட்டிக்கும் அதே இடத்தில் நின்றது.

‘யதுஷாவின் வலது கண் வலப்பக்கம் முழுதாகப் போகவில்லை, ஏன்?’ என்று குழுவில் எழுதினேன். அவ்வளவுதான் நான் எழுதியது. அஷ்பாக் உன் கண்களை வெட்டி எடுத்து, மேலே ‘ரைட் டேர்ன் தடை’ என்று போட்டு ஸ்டிக்கர் செய்தான். அதற்குப் பிறகு நடந்தது என்னைவிட உனக்குத்தான் கூடத் தெரியும். உன் அம்மா பள்ளிக்கூட அதிபருக்கு போன் செய்தார். குழுவை மூடினார்கள். ரீச்சருக்கு எங்கள் எல்லோர் முன்னாலும் ஏச்சு விழுந்தது. வாப்பா என்னிடம், “ஒன்ன ஸ்கூலுக்கு அனுப்பினது படிக்கவா, ஊரார்ட புள்ளைகள்ட கண்ண பாக்கவா?” என்று கேட்டார். இரண்டையும்தானே ரீச்சர் செய்யச் சொன்னார்.

நீ அழுததற்கு நேரில் மன்னிப்புக் கேட்பேன். இந்தக் கடிதம் அதற்கு அல்ல. என் கேள்விக்கு இன்னும் பதில் வரவில்லை, அதற்குத்தான்.

யோசித்துப் பார். இந்தத் தவணையில் நீ எப்போதும் முகத்தை வலப்பக்கம் திருப்பி வைத்துக்கொண்டே கரும்பலகையைப் பார்த்தாய். ஜன்னலைப் பார்க்கிறாய் என்று ரீச்சர் உன்னை இடம் மாற்றினார். ரியூஷன் முடிந்து காலி வீதிப் பஸ் தரிப்பில் நின்றபோது நூறாம் நம்பர் பஸ் வந்தது. “ரெண்டு வருகுது, பின்னால வாறதில ஏறுவம், அது காலியா இருக்கும்” என்றாய். பின்னால் ஒன்றும் வரவில்லை. வெயிலில் நெடுநேரம் நின்றோம். நான் உன்னைக் கேலி செய்தேன்.

உன் வீட்டு பல்கனியில் நின்று தூரத்தில் வரும் பஸ்ஸைப் பார். பிறகு ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டு பார். இரண்டு கண்ணாலும் இரண்டாகவும், ஒரு கண்ணால் ஒன்றாகவும் தெரிந்தால் அம்மாவிடம் சொல். டொக்டரிடம் போ. இந்தத் தவணை முழுவதும் நீ சொல்லிக்கொண்டிருந்த தலையிடியையும் சேர்த்துச் சொல்.

நீ ஒத்துக்கொண்டாலும் இல்லாவிட்டாலும் உன் தோழி,
நிம்றா


வெள்ளவத்தை,
13 ஓகஸ்ட் 2025

நிம்றா,

கடிதம் கிடைத்தது. எங்கள் வீட்டுக்கு வரும் கடிதங்களை அம்மாதான் பிரிப்பார். அவர் படித்துவிட்டுத்தான் தந்தார். “கண்ணைப் பற்றி எழுதினது காணாதெண்டு கடிதமும் எழுதுறாளோ?” என்றார்.

நீ ஒரு கேள்விதான் எழுதினாய் என்கிறாய். என் பெயரையும் எழுதினாயே. ரியூஷனில் எனக்குப் பெயரே தெரியாத பொடியன்கள் என்னைக் கண்டதும் ‘ரைட் டேர்ன் தடை’ என்று கத்துகிறார்கள். கனடாவில் இருக்கும் சித்தியின் மகன் அந்த ஸ்டிக்கரை எனக்கே அனுப்பி, “இது நீயா?” என்று கேட்டான். கோயிலுக்குப் போனாலும் யாரையும் நிமிர்ந்து பார்க்கப் பிடிக்கவில்லை.

தலையிடிக்குக் காரணம் போன் என்று அம்மா சொல்கிறார். லீவு தொடங்கியதில் இருந்து நான் போனைத் தொடவில்லை. தலையிடி இன்னும் நிற்கவில்லை. நிற்கும். காலையில் படுக்கையை விட்டு எழும்பும்போது ஒரு கணம் எல்லாம் சாம்பல் நிறமாகிப் பிறகு சரியாகிறது. அது நேரத்துக்குச் சாப்பிடாததால்.

உன் சோதனையை நான் செய்யமாட்டேன். நீ சொன்ன மாதிரி இரண்டு பஸ்ஸும் தெரியவில்லை. ஒரு பஸ்ஸும் பக்கத்தில் அதன் நிழலும். ஒரு கண்ணைப் பொத்தினால் நிழல் இல்லை. அவ்வளவுதான்.

இனி எழுதாதே.

யோ. யதுஷா


மாளிகாவத்தை,
16 ஓகஸ்ட் 2025

மதிப்புக்குரிய அன்ரிக்கு,

இதை முதலில் பிரிப்பது நீங்கள் என்று யதுஷா எழுதியிருந்தாள். அதனால் இம்முறை உங்களுக்கே எழுதுகிறேன். படித்த பிறகு அவளிடம் கொடுங்கள். கொடுக்காவிட்டாலும் சரி.

அன்ரி, அவள் சோதனையைச் செய்யமாட்டேன் என்று எழுதியிருக்கிறாள். அடுத்த வரியிலேயே, ஒரு கண்ணைப் பொத்தினால் நிழல் இல்லை என்றும் எழுதியிருக்கிறாள். அவள் செய்து பார்த்துவிட்டாள். உங்களுக்குச் சொல்லப் பயப்படுகிறாள், அல்லது தனக்கே சொல்லப் பயப்படுகிறாள். போனை விட்டும் தலையிடி விடவில்லை. காலையில் கண் மங்குகிறது. இது என்ன நோய், என்ன வருத்தம் என்று எனக்குத் தெரியாது. நான் பத்தாம் வகுப்பு. இரண்டு கண்ணும் ஒன்றாகப் போக வேண்டும் என்பது மட்டும்தான் எனக்குத் தெரியும்.

தயவுசெய்து ஒன்று செய்யுங்கள். அவளை உங்களுக்கு முன்னால் இருத்தி, தலையைத் திருப்பாமல் உங்கள் கையில் உள்ள ஏதாவது ஒரு பொருளைப் பார்க்கச் சொல்லுங்கள். அதை மெல்ல மெல்ல அவளுடைய வலப்பக்கம் கொண்டுபோங்கள். வலது கண்ணின் கருவிழி வெளி ஓரம்வரை போக வேண்டும். போகாமல் அங்கே வெள்ளை தெரிந்தால் அன்றைக்கே டொக்டரிடம் கூட்டிக்கொண்டு போங்கள். பிறகு இடப்பக்கமும் பாருங்கள், வித்தியாசம் தெரியும்.

நான் சொல்வது பிழை என்றால் எங்கள் வீட்டுக்கு வந்து என்னை ஏசுங்கள். நாங்கள் இருப்பது இரண்டாம் மாடி. உம்மா வட்டிலப்பம் செய்து வைப்பார். ஏசி முடித்துச் சாப்பிட்டுவிட்டுப் போகலாம்.

நான் இனி யதுஷாவோடு கதைக்கக் கூடாது என்று நீங்கள் நினைத்தால், கதைக்கமாட்டேன். வகுப்பில் வேறு இடத்தில் இருக்கிறேன். இதை வாக்காகவே எழுதித் தருகிறேன். கண்ணை மட்டும் காட்டுங்கள்.

பணிவுடன்,
நிம்றா மஜீட்


கொழும்பு ஆஸ்பத்திரி வார்ட்டில் இருந்து,
27 ஓகஸ்ட் 2025

என் அன்பு நிம்றாவுக்கு,

வலது கண்ணில் மூடி போட்டிருக்கிறார்கள். ஒரு கண்ணால் எழுதுவதால் வரிகள் ஏறி இறங்கும். பொறுத்துக்கொள்.

உன் கடிதம் வந்த அன்று அம்மா சமையலறையில் நின்றார். நின்ற இடத்திலேயே படித்தார். பிறகு அகப்பையும் கையுமாக வந்து எனக்கு முன்னால் கதிரையைப் போட்டு இருந்தார்.

“தலையை ஆட்டாதை. இதைப் பார்.”

“அகப்பையையோ?”

“ஓம், அகப்பையைத்தான். வாயை மூடிக்கொண்டு பார்.”

அகப்பை வலப்பக்கம் போனது. நானும் போனேன் என்றுதான் நினைத்தேன். அம்மாவின் முகம் மாறியதைக் கண்டுதான் நான் போகவில்லை என்று விளங்கியது. “இஞ்சாருங்கோ, ஒருக்கா ஓடிவாங்கோ! இந்தப் பக்கம் வெள்ளை தெரியுது!” என்று அப்பாவைக் கூப்பிட்டார். அப்பாவும் அகப்பையைப் பிடித்துப் பார்த்தார். அடுப்பில் பருப்பு அடிப்பிடித்து வீடெல்லாம் மணத்தது.

அன்று பின்னேரமே டொக்டரிடம் போனோம். கண்ணுக்குள் வெளிச்சம் அடித்துப் பார்த்தார். இரண்டு கண் நரம்புகளும் வீங்கியிருந்தன. உடனே ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். ஸ்கான் எடுத்தார்கள். கட்டி ஒன்றும் இல்லை என்று சொன்னபோது அப்பா சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டார். மூளையைச் சுற்றி இருக்கிற நீரின் அழுத்தம் கூடி, கண்ணை வெளிப்பக்கம் திருப்புகிற நரம்பை அமர்த்துகிறதாம். முதுகின் கீழே, நாரியில் ஊசி போட்டு அழுத்தத்தை அளந்தார்கள், கொஞ்ச நீரையும் எடுத்தார்கள். நோவைப் பற்றி உன்னிடம் பொய் சொல்லமாட்டேன், நான் கத்தினேன். அன்றைக்கே தலை லேசானது. இப்போது காலையும் மாலையும் விழுங்கக் குளிசை தருகிறார்கள். இன்னும் தள்ளிப்போட்டிருந்தால் பார்வையே போயிருக்கலாம், போனது திரும்பாமலும் விட்டிருக்கலாம் என்று டொக்டர் அம்மாவிடம் சொன்னார். வலது கண் மெல்ல மெல்லச் சரியாகும் என்று நம்புகிறார். நானும் நம்புகிறேன்.

இது எப்போது தொடங்கியது என்று டொக்டர் கேட்டார். எங்களுக்குத் தெரியவில்லை. அப்போதுதான் அம்மாவே, “ஒரு வீடியோ இருந்தது” என்றார். குழுவோடு எல்லோரும் அதை அழித்துவிட்டார்கள். இனி உன் போனில் மட்டும்தான் இருக்கும் என்று அப்பா உன் வாப்பாவின் கடைக்கு போன் செய்தார். உன் வாப்பா உன்னிடம் சொல்லாமல் வந்திருப்பார் என்று நினைக்கிறேன், அதனால் நான் சொல்கிறேன். உன் போனைக் கைக்குட்டையில் சுற்றிக்கொண்டு, வியர்த்து விறுவிறுத்து வந்தார். அம்மா எழுந்து நின்றார். “உங்கட பிள்ளையைப் பற்றி நான் ஸ்கூலுக்கு அப்பிடிச் சொல்லியிருக்கக் கூடாது” என்றார்.

“நீங்க ஒரு தரம் ஏசினீங்க. நான் ஊட்ல வச்சு ஒவ்வொரு நாளும் ஏசின. முதல்ல புள்ளைக்குச் சொகமாகட்டும்” என்றார் உன் வாப்பா. பிறகு போனைத் திறக்கத் தெரியாமல் மூன்று பேரும் நின்றார்கள். உன் பிறந்த திகதியைப் போட்டு நான்தான் திறந்தேன். மாற்றிவிடு.

டொக்டர் வீடியோவைப் பார்த்தார். “ஆர் எடுத்தது?” என்றார். வகுப்புப் பிள்ளை என்றார் அப்பா. டொக்டர் திரும்பவும் ஒருமுறை போட்டுப் பார்த்தார்.

நிம்றா, நான் உன்னோடு கோபித்தது நீ பார்த்துவிட்டாய் என்பதற்காக. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள், சிரித்தார்கள். நீ மட்டும்தான் பார்த்துவிட்டு ஏன் என்று கேட்டாய். எழுதாதே என்று சொன்ன பிறகும் எழுதினாய். இதற்கு நன்றி என்ற சொல் சிறியது, ஆனாலும் அதைத்தான் எழுதுகிறேன். நன்றி. அம்மாவும் எழுதச் சொன்னார். நீ தந்த வாக்கைத் தான் ஏற்கவில்லையாம். நான் வீட்டுக்கு வந்ததும் கதைக்க வா என்கிறார். வட்டிலப்பத்தை மறக்கவில்லை, ஏசாமலே தருவீர்களா என்று கேட்கிறார்.

அதிபருக்கும் இன்று போன் செய்தார். இம்முறை ஏசுவதற்கு அல்ல. யோசெப்பின் ரீச்சரிடம் இதைக் கொடு: என் ரெயில் வீடியோவை என் பெயரோடு முழு வகுப்புக்கும் காட்டலாம். இது என் சம்மதம். அஷ்பாக்கிடம் சொல், ஸ்டிக்கரைத் திருத்தட்டாம். ரைட் டேர்ன் இப்போது கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்திருக்கிறது.

என்றும் உன்,
யதுஷா


வகுப்பறை,
3 செப்ரெம்பர் 2025

என் அன்பு யதுஷாவுக்கு,

உன் கடிதத்தை உம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன், வாப்பாவுக்கும். வாப்பா, “போனை மூணு பேருக்கும் தொறக்க ஏலாமப் போன கதைய ஏன் எழுதினா?” என்று வெட்கப்பட்டார். பிறகு அலுமாரிச் சாவியையே என்னிடம் தந்துவிட்டார். ஆனாலும் இதைக் கையால் எழுதுகிறேன். உன் கண்ணுக்கு வெளிச்சத் திரை வேண்டாம். அம்மா வாசித்துக் காட்டட்டும்.

குழுவைத் திரும்பத் திறக்க அதிபர் சம்மதித்துவிட்டார். ஒருவர் சம்மதம் எழுதித் தந்தால்தான் அவருடைய கண் குழுவுக்கு வரும் என்பது ரீச்சரின் புதிய சட்டம். நீ எழுதியதை ரீச்சர் இரண்டு தரம் வாசித்தார். “கண் போகாத பக்கத்துக்கு முகம் போயிருக்கு. நான் ஜன்னலைப் பாக்கிறாள் எண்டு நினைச்சன். விஞ்ஞானம் படிப்பிக்கிற நான்” என்றார். உன் இடத்தை உனக்கே திருப்பித் தந்திருக்கிறார். அதில் யாரும் இருக்கக் கூடாது என்று பர்ஹா தன் புத்தகப்பையை வைத்துக் காவல் காக்கிறாள்.

அஷ்பாக் என்னிடம் வந்து, “அவள் ஏசினாளா?” என்றான். இல்லை, திருத்தச் சொன்னாள் என்றேன். “ஏசியிருந்தா நல்லம்” என்றான். ரியூஷன் பொடியன்களின் போன்களை வாங்கி, ஒவ்வொன்றிலும் ஸ்டிக்கரைத் தானே அழித்துக்கொண்டு திரிகிறான். கனடாவுக்கு அவனால் போக முடியாது, அதை நீ பார்த்துக்கொள்.

யதுஷா, நன்றி சொல்ல வேண்டியது நானும்தான். கோபத்தில் எழுதிய கடிதத்திலும் நீ பொய் எழுதவில்லை. அந்த நிழலை எழுதாமல் விட்டிருக்கலாம், காலையில் கண் மங்குவதை மறைத்திருக்கலாம். அப்படிச் செய்திருந்தால் உன் அம்மாவுக்கு எழுத என்னிடம் ஒன்றுமே இருந்திருக்காது. என்னை வெறுத்துக்கொண்டே எனக்கு உண்மையைச் சொன்னாய். அதை எப்போதும் நினைப்பேன்.

உன் ரெயில் வீடியோவைப் போட்டுக் காட்ட ரீச்சர் சுவரில் வெள்ளைத் துணியைக் கட்டிவிட்டார். ஜன்னல்களைச் சாத்துகிறார்கள். பின்வரிசைப் பிள்ளைகள்கூட முன்னால் வந்து நிலத்தில் இருந்துவிட்டார்கள். எல்லோரும் முதலில் உன் வலது கண்ணைத்தான் பார்க்கப் போகிறார்கள். யாரும் சிரிக்கவில்லை. நீ சுகமாகி வந்து ரெயிலைப் பார்க்கும்போது இன்னொரு வீடியோ எடுப்போம் என்று ரீச்சரிடம் கேட்டிருக்கிறேன்.

இனி எழுத ஏலாது. லைட்டை அணைத்துவிட்டார்கள்.

உன்,
நிம்றா