கம்மிக்கு ஒரு பொட்டு, ஜாஸ்திக்கு ஒரு பொட்டு

என் பிரியமுள்ள மச்சான் செல்வத்துக்கு,

இதை நானே எழுதுகிறேன், நம்பு. உன் அக்கா அடுப்படியிலிருந்து எட்டி எட்டிப் பார்க்கிறாள். "என்னா, இந்த வயசுல லவ் லெட்டரா?" என்கிறாள். ஆமாம் என்றேன். ஒரு வரிக்கு வெகுநேரம் ஆகிறது. ஆனால் எழுதியதை நானே வாசிக்க முடிகிறதே, அந்தச் சந்தோஷத்தை உன்னிடம்தான் சொல்லியிருக்க வேண்டும். நீ போய்ச் சேர்ந்த பிறகுதான் தெருவில் பெரியவர்களுக்கு எழுத்து வகுப்பு வந்தது.

வேங்கிக்கால் ஷெட்டை இப்போது உன் மகள் கவிதா பார்த்துக்கொள்கிறாள். நம் வேனுக்குப் புது டர்போ போட்டிருக்கிறாள். பழையது தளர்ந்து காற்றைச் சரியாகத் தள்ளவில்லை, அதனால் கரும்புகை வராமல் இருக்க நீ டீசலைக் குறைத்தாயே, ஞாபகம் இருக்கிறதா? பம்பில் இருக்கும் ஸ்க்ரூவைத் திருப்பிவிட்டு வீட்டுக்குப் போனாய். பிறகு நீ ஷெட்டுக்கு வரவேயில்லை.

இப்போது காற்று நிறைய வருகிறது, டீசல் நீ குறைத்துவைத்த அளவில்தான் போகிறது. ஆள் ஏற்றினால் வண்டி மேட்டில் திணறுகிறது.

"காத்துக்குத் தகுந்தா மாதிரி டீசல் வுடணும் மாமா. ஸ்க்ரூவத் திருப்பிடட்டா?" என்று கவிதா கேட்டாள்.

"வேணாம்மா."

"ஏன் மாமா?"

உங்கப்பா கை கடைசியாக வைத்த இடம் அது என்று சொல்ல வந்தேன். பானெட்டைத் திறந்து குனிந்துகொண்டேன்.

ஸ்க்ரூவுக்கு இரண்டு பக்கமும் நீ மஞ்சள் பெயின்டில் எழுதியிருந்தாய். மேலே அப்பியிருந்த பழைய குங்குமத்தைத் துடைத்தேன். க... ம்... மி. அந்தப் பக்கம், ஜா... ஸ்... தி.

அடப்பாவி மச்சான்! இத்தனை வருஷமும் அது அண்ணாமலையார் பேர் என்றல்லவா நினைத்திருந்தேன்! நம் ஊர் வண்டியில் வேறென்ன எழுதுவார்கள்? ஆயுத பூஜை தவறாமல் கம்மிக்கு ஒரு பொட்டு, ஜாஸ்திக்கு ஒரு பொட்டு வைத்திருக்கிறேன். நீ வயிற்றைப் பிடித்துக்கொண்டு, "நல்லா பெருசா வைங்க மாமா, அந்த சாமிதான் நம்மள மேடு ஏத்துது" என்பாய்.

ஆட்களுக்கு முன்னால் நான் கூசிப் போகக் கூடாது என்று விட்டாயா? இல்லை, தனியாகச் சிரிக்க வைத்துக்கொண்டாயா? ஒருநாள் சொல்லியிருந்தால் சேர்ந்து சிரித்திருப்போம். அன்றைக்கு நானும் கவிதாவும்தான் சிரித்தோம். சிரிப்பு பாதியிலேயே நின்றுவிட்டது.

நீ வைத்த இடத்தைக் காப்பாற்ற வண்டியையே ஓரங்கட்டிவிடலாம் என்றுகூட நினைத்தேன். ஆனால் புது டர்போவைப் பார்த்திருந்தால் நீயே உடனே திருப்பியிருப்பாய். "புகை கறுத்தா ஸ்க்ரூவ கொஞ்சம் பின்னால திருப்புங்க மாமா" என்று அதட்டியும் இருப்பாய்.

நாளைக் காலையில் நான் திருப்புகிறேன். நீ சோத்தாங்கைப் பக்கம், பீச்சாங்கைப் பக்கம் என்று சொல்லச் சொல்லத்தான் எனக்குத் திருப்ப வரும். நாளைக்கு யாரையும் கேட்க மாட்டேன். ஜாஸ்தி என்று வாசித்துவிட்டுத் திருப்புவேன். அதற்கு முன் இரண்டுக்கும் பொட்டு வைப்பேன், நல்லா பெருசா.

உன் அக்கா புருஷன்,
ஏழுமலை