தர்ஷினிக்குக் கலைப் பிரிவு

ஜூலை 17, வியாழன்

தர்ஷினி இன்று அப்பாவோடு பாடசாலைக்கு வந்தாள். பதினோராம் தர முடிவில் எழுதும் சாதாரண தரப் பரீட்சையில் நான் கற்பிக்கும் விஞ்ஞானத்துக்கு ஏ எடுத்தவள். அப்பா ரப்பர் பால் வெட்டிவிட்டு நேரே வந்திருந்தார்.

"டாக்டருக்குப் படிக்கணும்ங்கிறா டீச்சர். நீங்கதான் சேர்த்துவிடணுங்க."

எங்களிடம் அடுத்த இரண்டு வருட உயர்தரத்துக்குக் கலைப் பிரிவு மட்டும்தான். தமிழில் விஞ்ஞானம் என்றால் தூரத்து மலைநாட்டில் ஹட்டனுக்குப் போக வேண்டும் என்றேன்.

"பொம்புளப் புள்ள, அங்க யாரு வீட்டுல தங்குவா? டவுன் ஸ்கூல்ல சிங்களத்துல படிக்கட்டுங்க. நல்லாப் பேசுவாளே."

"பேசுவேன்ப்பா. எழுத வராதே," என்றாள் தர்ஷினி.

அப்பா என் பக்கம் திரும்பினார். "அப்ப இங்கேயே போட்டுக்குங்க டீச்சர்."

நாடு முழுவதற்கும் ஒரே பாடத்திட்டம், ஒரே பரீட்சை. ஏ எடுத்த பிறகு போகத்தான் இடமில்லை. இதை யாரிடம் கத்துவது?

போகும்போது அவள் கேட்டாள்: "சயன்ஸ் புக்க இனி தம்பிக்குக் குடுத்துரவா டீச்சர்?"

சரியென்று தலையாட்டினேன்.

நாளைய முதல் பாடவேளை தரம் பத்துக்கு. இதயத்தின் அறைகள். பிள்ளைகள் ஆசையாகக் கேட்பார்கள். நானும் நன்றாகத்தான் கற்பிப்பேன். அதை நினைத்தால்தான் பயமாக இருக்கிறது.