வட்டம் போடாத குறிப்பு

அக்டோபர் 14, செவ்வாய்

விடாத மழை. ஸ்ரீபெரும்புதூர் பஸ் நிலையத்தில் கணுக்கால் தண்ணீர். அச்சகத்துக்குள் வந்து புடவை ஓரத்தைப் பிழிந்தேன். கரண்ட் இல்லை. மேஜையை ஜன்னலோரம் இழுத்துப் போட்டு முதல் புரூப் திருத்தினேன்.

தொழில் மாத இதழுக்கான கட்டுரை. ஒரு பெரிய மென்பொருள் கம்பெனியைப் பற்றி. எழுதியவர் அதே கம்பெனியின் விளம்பர அதிகாரி சந்தானம். தன் கல்யாணத்துக்குத் தானே வாழ்த்து மடல் அச்சடித்துக்கொண்ட மாதிரி. மாதாமாதம் பின் அட்டை விளம்பரம் அவர்களுடையது. அதனால் எங்கள் முதலாளிக்கு அது வேதம்.

எழுத்துக் கோர்க்கும் கன்னியப்பன் வந்து எட்டிப் பார்த்தான். “இன்னாக்கா அது, மென்பொருளு? தொட்டா மெத்துனு இருக்குமா?”

“மிஷின் என்ன செய்யணும்னு அதுக்குச் சொல்ற புரோகிராம்ப்பா.”

“அப்ப நம்ம மொதலாளி வாய் மாரின்னு சொல்லு.”

இந்தப் பக்கம் கம்ப்யூட்டர் வாங்கிய தொழிற்சாலை எல்லாவற்றிலும் ஆள் வருகையைப் பதிவது இவர்கள் புரோகிராம்தானாம். பிடிக்காதவன் மாற்ற நினைத்தாலும் முடியாது, பழைய வருகைப் பதிவு முழுக்க இவர்கள் பூட்டுக்குள். அதை மட்டும் எழுதவில்லை.

கட்டுரையாளருக்கு இரண்டு கேள்வி. ஓரத்தில் எழுதி வட்டம் போட்டேன். வட்டத்துக்குள் இருப்பது அவருக்கு. மற்றதெல்லாம் கன்னியப்பனுக்கு, பார்த்தபடி கோர்த்துவிடுவான். அர்த்தம் பார்த்தால் கை நின்றுவிடும் என்பான்.

ஒற்றுப்பிழை எக்கச்சக்கம். ‘புரட்சி’ ஒன்பது முறை.

வாங்க: கொசுவத்தி, சிவப்பு மை, அம்மாவுக்குத் தைலம்.

15, புதன்

தூறல். கடைசிப் பக்கம். படித்ததும் உடம்பெல்லாம் எரிந்தது.

பம்பு தொழிற்சாலை டைம் ஆபீசில் வருகைப் பதிவு எழுதிய ராஜேஸ்வரி சொன்னதாக வருகிறது: “கம்ப்யூட்டர் வந்ததும் என் பாரம் இறங்கியது. நானே விரும்பி வேலையிலிருந்து விலகிக்கொண்டேன்.” மலர்ந்த முகத்துடன் கூறினாராம்.

ராஜேஸ்வரி! ஆறு வருடம் ஒரே பஸ்ஸில் வந்தவள். ஆனியில் அவளை வேலையிலிருந்து நிறுத்தினார்கள். லேபர் ஆபீசில் மனு கொடுத்திருக்கிறாள். அடுத்த புதன் விசாரணை.

சாயங்காலம் வடக்குப்பட்டு பஸ் பிடித்து அவள் வீட்டுக்குப் போனேன். கட்டுரையில் இருப்பதைச் சொன்னேன். அரிந்துகொண்டிருந்த கத்திரிக்காயைக் கீழே வைத்தாள்.

“நா எப்பக்கா அப்டி சொன்னேன்? மிஷின் பக்கத்துல நில்லும்மா, போட்டோ புடிக்கணும்னாங்க. நல்ல பொடவையா கட்டிக்கினு போய் நின்னேன். மறாநாளு வாட்ச்மேன் கேட்டுலயே நிறுத்திட்டாரு. மிஷின்ல சொருவுற உன் அட்ட எங்க கீதுன்றாரு. தேடிப் பாத்தா, எம் பேருல அட்டையே இல்ல.”

அவளாகத்தான் போனாள் என்று தொழிற்சாலையும் சொல்கிறதாம். இப்போது அதற்குச் சாட்சியாக இந்தக் கட்டுரை. புதன்கிழமை விசாரணையில் இதழை அப்படியே எடுத்து நீட்டுவார்கள். படத்தில் இவளே நிற்கிறாள், பிறகென்ன?

“அச்சுல வந்துட்ச்சுன்னா நெசம்னுருவாங்களேக்கா.”

மோர் கொடுத்தாள். பாதிதான் குடித்தேன்.

16, வியாழன்

அம்மாவுக்கு மூட்டு வலி. லீவு. தைலம் வாங்க மறந்ததற்கு நாள் முழுக்கத் திட்டு.

17, வெள்ளி

வெயில். முதலாளியிடம் நேராகவே சொன்னேன்.

“எழுத்தப் பாக்கத்தாம்மா உனக்கு வேலை. விஷயத்தப் பாக்கறது அவங்க.”

“பொய்னு தெரிஞ்சும் போடணுமா சார்?”

“தெரியாத மாதிரி இரு. பின் அட்டை போய்ட்ச்சுன்னா கன்னியப்பன் வூட்டுக்கு யாரு பதில் சொல்றது? நீயா?”

கன்னியப்பனை ஏன் நடுவில் இழுக்கிறார்? அவன் பாட்டுக்குப் பெட்டியில் எழுத்துப் பொறுக்கிக்கொண்டிருக்கிறான். இத்தனை வருடத்தில் அவன் வீட்டைப் பற்றி இவர் ஒரு நாள் விசாரித்தது உண்டா? வெட்கம் கெட்ட பேச்சு.

மேஜைக்கு வந்து சந்தானத்துக்கு ஓரத்தில் கேள்வி எழுத உட்கார்ந்தேன். கேள்வியாக வரவில்லை. ராஜேஸ்வரி பேசுகிற இடத்திலிருந்து கோடு இழுத்துச் சிவப்பு மையில் எழுதினேன்: ‘இது பொய். ராஜேஸ்வரி இப்படிச் சொல்லவில்லை. படம் எடுத்த மறுநாள் அவரை வாசலிலேயே தடுத்து அனுப்பிவிட்டார்கள்.’ பேனா முனை காகிதத்தைக் கிழித்தது. புரூப்பைக் கன்னியப்பன் எடுக்கும் தட்டில் வீசிவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

20, திங்கள்

மறுபடி மழை. பக்கம் கட்டி இரண்டாம் புரூப்.

மலர்ந்த முகத்துடன் கூறினார். அடுத்த வரி: இது பொய்.

மூன்று வாக்கியமும் கட்டுரைக்குள், அதே எழுத்தில், அதே அளவில். கோபத்தில் வட்டம் போடாமல் விட்டிருக்கிறேன்.

கன்னியப்பனைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

“நீதானக்கா கோடு இஸ்த்து உள்ள சொருவ சொல்லிக்கீற. சொருவிட்டேன். தப்பா?” பிறகு முதல்முறையாக எழுத்துக் கூட்டிப் படித்தான். “ராஜேஸ்வரின்னா, நம்ம வடக்குப்பட்டு பொண்ணா? அடப்பாவிங்களா. இன்னா பண்றது, எடுத்துடட்டுமா?”

“இரு” என்றேன்.

அந்த மூன்றையும் அடிப்பதற்குப் பேனாவைத் திறந்தேன். உண்மையாகத்தான் திறந்தேன். ‘சொல்லவில்லை’யில் ஒரு புள்ளி விட்டுப்போயிருந்தது. அதை மட்டும் வைத்தேன்.

பதினோரு மணிக்குச் சந்தானத்தின் கார். வழக்கம்போல் முதலில் படத்தைப் பார்த்தார், பிறகு தன் பெயரைப் பார்த்தார்.

“என் பேர் இன்னும் கொஞ்சம் பெரிசா வரலாமே?”

“வரும் சார்.”

‘சரி’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். முதலாளி டீ வாங்கிக் கொடுத்தார். அவரும் பார்க்கவில்லை, பெரியவரே பார்த்தாயிற்றே!

21, செவ்வாய்

காலையிலிருந்து மிஷின் ஓடுகிறது. மை காயாத தாள் இரண்டு மடித்துப் பையில். சாயங்காலம் வடக்குப்பட்டு போய் ராஜேஸ்வரியிடம் கொடுக்க வேண்டும். நாளை விசாரணையில் அவளும் நீட்டட்டும்.

சிவப்பு மைப் புரூப்பையும் பத்திரப்படுத்தியிருக்கிறேன். கன்னியப்பன் மேல் பழி போட்டால் காட்ட வேண்டும், என் கையெழுத்து.

முதலாளி இன்னும் படிக்கவில்லை. படித்ததும் என்னைப் போகச் சொல்வார். நீயே விரும்பி விலகியதாக எழுதிக் கொடு என்பார்.

எழுத மாட்டேன்.