ஈசானிய மூலையில் நின்ற தண்ணீர்

ஜூன் 9, திங்கள்
காலையிலேயே வெயில் கொளுத்துகிறது. திருப்பதியிலிருந்து சம்பந்தியம்மா போன். சுற்றி வளைக்கவில்லை.

"சீமந்தம் முடிஞ்சி கவிதாவ அனுப்ப எங்களுக்கு ஒண்ணும் இல்ல. ஆனா உங்க ஊட்டு பாத்ரூம்ல பாசி. வெளிச்சமும் இல்ல, காத்தும் இல்ல. புள்ளத்தாச்சி வழுக்கி வுழுந்தா யாரு பதில் சொல்றது? பிரசவம் இங்கயே பாத்துக்கறோம்."

என் மகளுக்குத் தலைப்பிரசவம் தாய் வீட்டில் இல்லையா! இந்த நகரி ஊரில் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது? சொன்னது உண்மை என்பதால் இன்னும் கோபம். சீமந்தம் இருபதாம் தேதி. பதினோரு நாள். அதற்குள் பாத்ரூமை இடித்துப் புதுசாகக் கட்டி முடித்தே தீருவேன்.

ஜூன் 11, புதன்
நேற்று செவ்வாய் என்று மேஸ்திரி ரெட்டெப்பா கடப்பாரையைத் தொடவில்லை. இன்று பழைய தரை பெயர்ந்தது. நாற்றம். ஜன்னலை அடைத்திருந்த கோணியையும் பிடுங்கி எறிந்தோம். பின்னால் எங்கள் தறி ஷெட். பஞ்சு பறந்து வந்து ஈரத்தில் ஒட்டுகிறதென்று நாங்களே அடைத்தது. எட்டு வருஷம். எங்கள் புத்தியைச் செருப்பால் அடிக்க.

அந்த ஜன்னலைச் செங்கல் வைத்து மூடிவிட்டு, தெருப் பக்கம் உயரத்தில் எக்ஸாஸ்ட் ஃபேன் என்றேன். தறியை நிறுத்திவிட்டு ஓடி வந்தார் வீட்டுக்காரர்.

"ரோட்டுப் பக்கம் ஓட்டையா? போறவன் வர்றவன் பாக்க மாட்டானா?"

"ஏழடி ஒசரத்துல பாக்கணும்னா ஒட்டகத்து மேலதான் வரணும்."

மேஸ்திரி சிரித்தார். இவர் சிரிக்கவில்லை. ஃபேன் அங்கேதான்.

வாங்க வேண்டியது: ஒயிட் சிமெண்ட், கசிவு தடுப்புப் பூச்சு 1 டப்பா, கைப்பிடிக் கம்பி 2, வெளிச்சத்துக்குப் பெரிய டியூப் லைட் 1, சுவருக்கு வெளிர் பச்சை டைல்ஸ், தரைக்குச் சொரசொரப்பு.

மேஸ்திரியிடம் ஒன்று சொன்னேன். எல்லாம் வாஸ்துப்படி. பிள்ளைத்தாய்ச்சி வருகிற வீடு.

ஜூன் 13, வெள்ளி
தரைக்கு இவர் வாங்கி வந்தது கண்ணாடி மாதிரி மின்னுகிறது.

"கல்யாண மண்டபத்துக்கே இதான் போடறாங்களாம்."

ஒரு டைல்ஸ் மேல் ஒரு சொம்பு தண்ணீர் ஊற்றி, காலை வையுங்கள் என்றேன். வைத்தார். என் தோளைப் பிடித்துக்கொண்டார். எல்லா டைல்ஸையும் ஆட்டோவில் ஏற்றித் திரும்பக் கொண்டுபோனார்.

ஜூன் 16, திங்கள்
தரை முடிந்தது. பார்க்க லட்சணம். ஒரு பக்கெட் தண்ணீர் ஊற்றினேன். தண்ணீர் வெளியே போகிற ஓட்டை தென்மேற்கு மூலையில். தண்ணீரோ வடகிழக்கு மூலைக்குப் போய் நின்றுகொண்டது.

"இன்னா மேஸ்திரி இது?"

"ஈசானியம் பள்ளமா இருக்கணும்மா. நீங்கதான வாஸ்துன்னீங்க."

"அங்க ஓட்டை இல்லியே!"

"பர்வாலேதும்மா. தொடப்பத்துல தள்ளிக்கினா ஆச்சி."

சொன்னவள் நான்தான், யாரை நோவது? தண்ணீர் நின்றால் திரும்பவும் பாசி. சாமி கோபித்தால் என்னிடம் கோபிக்கட்டும். உடையுங்கள் என்றேன். மேஸ்திரி முணுமுணுத்துக்கொண்டே உடைத்தார். எனக்கு அழுகை. அழுதுகொண்டே எல்லோருக்கும் டீ போட்டேன்.

ஜூன் 19, வியாழன்
மதியம் மழை. திரும்பப் போட்ட தரையில் ஊற்றிய தண்ணீர் ஒழுங்காகத் தென்மேற்கு ஓட்டைக்குப் போகிறது. ஃபேன் மட்டும் சண்டித்தனம். ஊதுபத்தி காட்டினால் புகை அசையவே இல்லை. கதவை இறுக்கிச் சாத்தியிருந்தோம், காற்று எப்படி நகரும்? கதவின் அடியில் அரை அங்குலம் இழைத்தார் மேஸ்திரி. புகை சுருள் சுருளாக வெளியே போனது. கை தட்டினேன், வெட்கமில்லாமல்.

சம்பந்தியம்மாவுக்கு வீடியோ காலில் காட்டினேன். "நல்லாருக்கு. அனுப்பறோம்" என்றார். நன்றிகூடச் சொல்லாமல் வைத்துவிட்டேன். இருக்கட்டும்.

ஜூன் 20, வெள்ளி
திருப்பதியில் சீமந்தம் முடிந்தது. வளையல், சந்தனம், எலுமிச்சை சாதம். சாயங்காலம் கவிதாவோடு வீடு வந்து சேர்ந்தோம். வந்ததும் குளித்தாள். வெளியே வந்து என் முகத்தையே பார்த்தாள்.

"அம்மா, அடிக்கக் கூடாது. அத்த அன்னிக்கி தானா போன் பண்ணல. நான்தான் பண்ணச் சொன்னேன்."

"ஏன்டி?"

"நான் சொன்னா ஆவட்டும் பாக்கலாம்னுவ. எத்தினி வருஷமா அதையே சொல்லிக்கினு இருந்த? சம்பந்தி சொன்னாதான் உனக்கு ரோஷம் வரும். எனக்கு உன்கிட்ட வந்துதான் பெத்துக்கணும்மா."

அடிப்பாவி. பதினோரு நாளாக அந்த அம்மாளை நான் திட்டாத திட்டில்லை. இன்று சபையில் முகம் கொடுத்துக்கூடப் பேசவில்லை. அப்போதும் அந்த அம்மாள்தான் என் தட்டில் இன்னொரு போளி வைத்தார்.

கவிதாவின் தலையைத் துவட்டிவிட்டேன். காலையில் எழுந்ததும் சம்பந்தியம்மாவுக்கு நானே போன் செய்ய வேண்டும்.