பாப்பாவின் நெற்றியில் உப்பு

மே 4, திங்கள்

அக்னி நட்சத்திரம் தொடக்கம். காலை எட்டு மணிக்கே மணல் சுடுகிறது. பழவேற்காடு ஏரியில் ஒரு அசைவு இல்லை. காற்று செத்துப்போன மாதிரி.

செய்ய வேண்டியவை: செ.உ. (செல் உயிரியல்) அலகு 2. நைனாவின் சட்டைகள் ஊறவைக்க. கேன் தண்ணீர் சொல்ல. அக்கா வீடு.

தேர்வு 12ஆம் தேதி. அலகு 2 என்றால் செல் சவ்வு. படம் போட்டுப் போட்டுக் கை மரத்துவிட்டது. கொழுப்பு மூலக்கூறுகள் இரண்டு வரிசை; தலைகள் தண்ணீர்ப் பக்கம், வால்கள் உள்ளே. போட்டிலிருந்து டீசல் சிந்தினால் ஏரி மேல் ஒரு படலம் மினுமினுக்குமே, அதைவிட மெல்லிசு. ஆனாலும் உப்பு அதைத் தானாகத் தாண்டாது. அதற்கென்று ஒரு புரதம் வாசலாக நிற்கணும். சோடியத்துக்கு ஒரு வாசல், குளோரைடுக்கு வேறு, சர்க்கரைக்கு வேறு.

மத்தியானம் அக்கா வீடு. மூன்று தெரு தள்ளித்தான், அத்தை மகனைத்தான் கட்டியிருக்கிறாள். பாப்பாவுக்குப் பத்து மாதம். எடை இன்னும் ஆறு கிலோ. கிண்ணம் கிண்ணமாகக் கஞ்சி குடிக்கிறது, முடிந்ததும் கிண்ணத்தைப் பார்த்து அழுகிறது. தின்பதெல்லாம் எங்கே போகிறதோ. இருமல் விடவில்லை. பாப்பாவின் பீத்துணி அலசிக்கொண்டே அக்கா: "இன்னாடி இது, எண்ணெய்ச் சட்டி கழுவுற மாதிரி வழுக்குது."

பாப்பாவை எடுத்து நெற்றியில் முத்தம் வைத்தேன். உதடு கரித்தது. சொன்னேன். அத்தை மீன் ஆய்ந்துகொண்டே, தலை நிமிராமல்: "கடல்காரன் வூட்டுப் புள்ள உப்பா இல்லாம சக்கரையாவா இருக்கும்?"

எல்லாரும் சிரித்தோம். நானும்.

சாயங்காலம் மறுபடி புத்தகம். பாடத்தின் கடைசியில் பெட்டி கட்டிய ஒரு பத்தி, தேர்வுக்கு வராது என்று விட்டுவைத்தது. குளோரைடு வாசல் பழுதானால் வரும் நோய். சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ். நுரையீரலிலும் கணையத்திலும் சளி கெட்டிப்படும். எடை ஏறாது. கொழுப்பு செரிக்காமல் வெளியேறும். இந்தக் குழந்தைகளை முத்தமிட்டால் உப்புக் கரிக்கும்.

நின்றுகொண்டே படித்திருக்கிறேன். எப்போது எழுந்தேன் என்று தெரியவில்லை.

மே 5, செவ்வாய்

நான் ஒரு முட்டாள் என்பதற்கான காரணங்கள்:

ரத்தம் பற்றிய பாடம் நடந்தபோது எனக்கு ரத்தப் புற்றுநோய் என்று ஒரு வாரம் நம்பினேன்.

இந்தக் குப்பத்தில் உப்புக் கரிக்காதது எது? நைனாவின் சட்டை காய்ந்தால் முதுகில் வெள்ளை வரைபடம். என் மணிக்கட்டை நக்கிப் பார்த்தேன். உப்பு.

புத்தகத்தில் இருக்கும் படம் வேறு நாட்டுக் குழந்தை.

முட்டாள் இல்லை என்பதற்கு: எடை. இருமல். எண்ணெய். பாப்பா இடுப்பில் அக்கா கட்டிய கறுப்பு அரைஞாண் கயிறு, இரண்டு நாளில் வெளுத்து மொரமொரப்பாகிவிடுகிறது. நைனா கயிறும் அப்படித்தான், அதனால் யாரும் கவனிக்கவில்லை. ஆனால் நைனா ஏரியில் இடுப்பளவு தண்ணீரில் நிற்கிறவர். பாப்பா வீட்டைவிட்டு வெளியே வருவதில்லை.

இன்னொன்று. எழுதவே கை வரவில்லை. அப்பா பக்கம் ஒன்று, அம்மா பக்கம் ஒன்று, இரண்டு பழுதான மரபணு சேர்ந்தால்தான் நோய். ஒன்று மட்டும் இருந்தால் தெரியவே தெரியாது. அக்காவும் மாமாவும் சொந்தம். அத்தை நைனாவின் கூடப்பிறந்தவள்.

ஆவணியில் மாமாவின் தம்பி பிரபுவுக்கு என்னைக் கேட்பதாக அத்தை சொல்லிக்கொண்டிருக்கிறாள். நான் சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. இப்போது வாய் திறந்தால் எப்படி எடுத்துக்கொள்வார்கள்?

அலகு 2 ஒரு பக்கமும் நகரவில்லை.

மே 6, புதன்

அக்கா, பாப்பா, நான், ஒன்பது மணி பஸ்ஸில் பொன்னேரி. கிளினிக்கில் நாற்பது பேர். டாக்டர் மூன்று நிமிஷம் பார்த்தார். "சளி. சத்து பத்தல. டானிக் எழுதுறேன்." கேட்டுவிட வேண்டும் என்று பஸ்ஸிலேயே வாக்கியம் தயார் செய்திருந்தேன். பையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அடுத்த டோக்கனைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

திரும்புவதற்கு முன் பக்கத்து ஊர் அனுப்பம்பட்டு. கூடப் படிக்கும் கவிதா வீட்டில் நோட்டு வாங்க வேண்டும் என்று பொய். நெல் வயல் நடுவில் வீடு, கடல் வாசனையே கிடையாது. கவிதாவின் அக்கா பையனுக்குப் பதினொரு மாதம். புழுக்கம் என்று சாக்குச் சொல்லி இரண்டு பிள்ளைகளையும் போர்வெல் தண்ணீரில் குளிப்பாட்டித் துடைத்தேன். வேர்க்கிறவரை காத்திருந்தேன். முதலில் அவன் நெற்றி. லேசாக, இருக்கிறதா இல்லையா என்கிற மாதிரி. பிறகு பாப்பா. கருவாடு காயும் பாயில் நாக்கை வைத்த மாதிரி.

அக்கா பார்த்துவிட்டாள். "இன்னாடி மாத்தி மாத்தி புள்ளைங்களுக்கு முத்தம் குடுத்துகினு கீற? எலெக்‌ஷன்ல நிக்கப் போறியா?"

பஸ்ஸில் சொன்னேன். சொன்னேன் என்று எழுதுவதே பொய். பாதி சொன்னேன்.

"அக்கா, பாப்பா ஒடம்புல உப்பு ஜாஸ்தியா கீது. அது நல்லதில்லன்னு புக்குல போட்டிருக்கு."

"எதனால வருமாம்?"

"அப்பா, அம்மா ரெண்டு பக்கமும் இருந்தா வரும். சொந்தத்துல கட்டினா..."

அக்கா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். பழவேற்காடு வரப்போகிற சமயத்தில்: "சரி, வுடு. நான் பாத்துக்கிறேன்."

எதைப் பார்த்துக்கொள்வாள் என்று கேட்கவில்லை. ஒரு பாரம் இறங்கிய மாதிரிதான் இருந்தது. அந்த நிம்மதி இப்போது பிடிக்கவில்லை.

மே 8, வெள்ளி

வெயில் குறையவில்லை. முகத்துவாரத்தில் மணல் மேடு தட்டி, கடல் தண்ணீர் உள்ளே வருவது குறைந்துவிட்டதாம். ஏரி கெட்டிப்படுகிறது, இறால் ஒதுங்குகிறது என்று நைனா. அந்தப் பெட்டிப் பத்திதான் ஞாபகம். எதைக் கேட்டாலும் அங்கேயே போய் நிற்கிறது மனசு.

அலகு 3, செல்லின் சட்டகம். சவ்வுக்கு அடியில் இழைகளின் பின்னல், அதுதான் செல்லுக்கு வடிவம். கழி நட்டுக் கட்டாத வலை தண்ணீரில் சுருண்டு கிடக்கும், அதுபோல. அப்புறம் நுண்குழல்கள். செல்லுக்குள் செய்த புரதங்கள் சின்னச் சின்னப் பைகளில் இந்தத் தடங்களில்தான் சவ்வுக்குப் போய்ச் சேர்கின்றன.

கவிதா கொடுத்த நோட்டில் இருந்தது: அந்தக் குளோரைடு வாசல் பெரும்பாலும் செய்யப்படாமல் இல்லை. செய்யப்படுகிறது. ஒரே ஒரு அமினோ அமிலம் குறைவதால் மடிப்பு சரியில்லை என்று செல்லே உள்ளேயே மடக்கி அழித்துவிடுகிறது. எளாவூர் செக்போஸ்ட்டில் காகிதத்தில் சின்னத் தப்புக்காக நிறுத்திவைத்த லாரி. சரக்கு நல்ல சரக்குதான். ஊர் வந்து சேராது.

இதைப் படித்துவிட்டு ஏன் அழுதேன் என்று தெரியவில்லை. தேர்வுக்கு இரண்டு மதிப்பெண் பெறும் விஷயம்.

மே 9, சனி

குழாயடி. என்னைக் கவனிக்காமல் அத்தை பக்கத்து வீட்டுக்காரியிடம்: "படிச்ச பொண்ணு பாரு, அவளுக்கு எம் புள்ளையக் கட்டிக்க இஷ்டம் இல்ல. அத நேரா சொல்லாம, சொந்தத்துல கட்டினா சீக்கு வருதுன்னு அக்கா காதுல ஓதுறா. புள்ள மேல வெச்சுப் பேசுறா பாரு."

குடத்தை அப்படியே வைத்துவிட்டு வந்துவிட்டேன். அம்மா: "கொடம் எங்க?" புத்தகத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போனேன்.

அக்கா வீட்டுக்குப் போகவில்லை. தேர்வு முடியட்டும். 12க்கு அப்புறம் எல்லாவற்றையும் முழுசாகச் சொல்லுவேன்.

மே 11, திங்கள்

பொன்னேரி அரசு ஆஸ்பத்திரி. சாயங்காலம் ஐந்து. எழுத்து கோணல்.

மத்தியானம் பன்னிரண்டு இருக்கும். அக்கா ஓடிவந்தாள், செருப்பில்லாமல், அந்த மணலில். பாப்பா தோளில் துணி மாதிரி. கண் உள்ளே போயிருந்தது. அழக்கூட இல்லை. வாந்தி இல்லை, பேதி இல்லை, காய்ச்சல் இல்லை. வெறும் வேர்வை.

அம்மா கஞ்சித் தண்ணீர் கொண்டுவந்தாள். அக்கா தட்டிவிட்டாள். "அதுல உப்பு கீதும்மா! உப்பு குடுக்கக் கூடாது! இவதான் சொன்னா, ஒடம்புல உப்பு ஜாஸ்தின்னு. அஞ்சு நாளா கஞ்சில ஒரு கல்லு போடல நானு."

நான் சொன்னதாம். ஆமாம். நான்தான் சொன்னேன்.

வேர்வைச் சுரப்பியில் அந்த வாசல் இல்லாவிட்டால், உடம்பு உப்பைத் திரும்ப எடுத்துக்கொள்ள முடியாது. தோலில் உப்பு கூடுதல் என்றால் உள்ளே குறைந்துகொண்டே வருகிறது என்று அர்த்தம். இப்படிப்பட்ட குழந்தைக்கு வெயில் காலத்தில் உப்பு கூட்டிக் கொடுக்கணும். இதெல்லாம் எனக்குத் தெரியும். பஸ்ஸில் இந்தப் பாதியைத்தான் சொல்லாமல் விழுங்கினேன்.

பிரபு ஷேர் ஆட்டோவை மறித்து, ஏறியிருந்தவர்களை இறக்கிவிட்டான். வழி முழுக்க அக்கா என் முகத்தைப் பார்க்கவில்லை.

டிரிப் ஏற்றினார்கள். ரத்தம் எடுத்தார்கள். பணியில் இருந்த டாக்டரம்மா என்னைவிட ஐந்தாறு வயது மூத்திருக்கலாம். தாளைப் பார்த்து முகம் சுளித்தார். "சோடியம் ரொம்பக் கொறஞ்சிருக்கு. வாந்தி பேதி இல்லாம எப்படி?"

அத்தை பின்னால் நின்றிருந்தாள், மாமாவும். நான் சொன்னேன். எடை, இருமல், எண்ணெய், அரைஞாண் கயிறு, அனுப்பம்பட்டு முத்தம், அத்தை மகன் கல்யாணம், நான் சொன்ன பாதி, சொல்லாத பாதி. மூச்சு விடாமல். விடைத்தாளில் எழுதுவது மாதிரி, குளோரைடு வாசல் சவ்வுக்கு வந்து சேராததுவரை.

டாக்டரம்மா பாப்பாவின் அரைஞாணை விரலால் உருட்டினார். நகத்தில் வெள்ளையாக ஒட்டியது. "இத எல்லாரும் பாத்திருக்கீங்க."

அத்தை: "எங்க வூட்டுல எல்லார் கயிறும் அப்படித்தாம்மா இருக்கும்."

"இந்தப் புள்ள ஏரில எறங்குதா?"

அத்தை பாப்பாவின் கயிற்றைப் பார்த்தாள்.

மே 12, செவ்வாய்

தேர்வு பத்து மணிக்கு. போகவில்லை. அரியர்.

பாப்பா காலையில் கண் திறந்து, டிரிப் கட்டிய கையை வாயில் வைக்கப் பார்த்தது. பசி. அக்கா அழுதுகொண்டே சிரித்தாள். இன்னும் என்னிடம் பேசவில்லை. ஆனால் இட்லி வாங்கி வந்தபோது பாதியை என் பக்கம் தள்ளினாள்.

வராந்தாவில் பிரபு. டீ கொண்டுவந்தான். காலால் தரையைத் தேய்த்தான்.

"அந்தப் பழுது எனக்கும் ஒண்ணு இருக்குமா?"

"இருக்கலாம்."

"உனக்கு?"

"இருக்கலாம்."

"அப்ப நாம ரெண்டு பேரும் சேர்ந்தா ஜோடி முழுசாயிடும்." சிரிக்கப் பார்த்தான், வரவில்லை. "அம்மா குழாயடில பேசினது எனக்குத் தெரியும். நான் அப்படி நெனைக்கல."

நல்லவன்தான். இதை எழுதிவைக்கணும் என்று தோன்றியது.

சென்னைக்குக் கடிதம் கொடுத்திருக்கிறார்கள். வேர்வைப் பரிசோதனை, 20ஆம் தேதி. அதுவரை கஞ்சியில், தண்ணீரில் உப்பு, டாக்டரம்மா எழுதிக்கொடுத்த அளவுப்படி. அளவுச் சீட்டை அக்கா நாலாக மடித்துத் தாலிச் சரட்டோடு பின்னில் குத்திக்கொண்டாள்.

மே 20, புதன்

சென்னை. காலை ஏழு மணி ரயில். நைனாவுக்கு இன்று பாடு. இறால் நிற்கிற இடத்தில் வலை கட்ட முறை வைத்துத்தான் விடுவார்கள். இன்று விட்டால் அடுத்த சுற்றுவரை காத்திருக்கணும். "ஏரி எங்க போயிடப்போவுது" என்று எங்களோடு கிளம்பிவிட்டார்.

பாப்பாவின் சின்னக் கையில் இரண்டு தகடு. மருந்து தடவி லேசான மின்சாரம். அந்த இடம் மட்டும் சிவந்து வேர்த்தது. சுருள் குழாயில் வேர்வையைச் சேர்க்க அரை மணி நேரம். நைனா நாற்காலியில் உட்காராமல் சுவரோரம் நின்றார். நான் என்ன வேண்டிக்கொள்வது என்று தெரியாமல் இருந்தேன். நோய் இல்லை என்றால் நான் இரண்டு வாரமாக ஒரு வீட்டையே பேஜார் பண்ணினவள். இருக்கிறது என்றால்... முட்டாளாகவே இருந்துவிட்டுப் போகிறேன் என்று வேண்டிக்கொண்டேன்.

வேர்வையில் குளோரைடு அறுபதுக்கு மேல் போனால் நோய். பாப்பாவுக்கு நூறைத் தாண்டியிருந்தது.

டாக்டர் பொறுமையாகச் சொன்னார். தீராது. ஆனால் பார்த்துக்கொள்ளலாம். சாப்பாட்டோடு கணைய மாத்திரைத் தூள். முதுகில் தட்டிச் சளி எடுப்பது. உப்பு, வெயிலில் கூடுதலாக. எடை ஏறும் என்றார். அக்கா அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டாள். "ஏறுமா சார்? ஏறுமா?"

ரயிலில் அக்கா என் தோளில் சாய்ந்து தூங்கினாள். தூங்குவதற்கு முன், கண்ணை மூடிக்கொண்டே: "பாதி சொல்லாதடி இனிமே. இன்னா இருந்தாலும் முழுசா சொல்லு."

மே 21, வியாழன்

லேசாகக் கடல் காற்று. நைனா விடியலில் முகத்துவாரம் பக்கம் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். மேடு அப்படியேதான்.

அக்கா வீடு, காலை. மாத்திரைத் தூள் கலந்து முதல் வேளை. அக்கா குளித்துக்கொண்டிருந்தாள். அடுப்படியில் அத்தை, என்னைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பாப்பா இடுப்பில் கட்டப் புதுக் கறுப்புக் கயிறு வாங்கி மாடத்தில் வைத்திருந்தாள். கஞ்சியை ஆற்றினாள். உப்பு டப்பாவைத் திறந்தாள், மூடினாள், திறந்தாள். ஒரு சிட்டிகை போட்டுக் கலக்கித் தன் வாயில் வைத்துப் பார்த்தாள். அப்புறம் ஸ்பூனை என் பக்கம் நீட்டினாள்.

வாங்கி ருசித்தேன்.

"பத்தாது அத்தை. இன்னும் கொஞ்சம்."

போட்டாள்.